பூவைப் பிடித்துக்கொண்டு போனால்: ரிசால் கவிதை பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: சாணக்யபுரியில் 'ஹோசே ரிசால் மார்க்' என்ற பலகையைப் பார்த்துக்கொண்டே வேலைக்குப் போகிறவள் நான். இப்போது மகளுக்குக் கல்லூரியில் அவருடைய கடைசிக் கவிதையைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். 'தேசப்பற்று, தியாகம், விடுதலை' என்று மூன்று தலைப்பு போட்டுவிட்டு அதற்குமேல் நகராமல் உட்கார்ந்திருக்கிறாள். எப்படிப் படிக்கச் சொல்வது?
(வாசகி, மோதி பாக்)

பதில்: அந்த மூன்று தலைப்பையும் முதலில் அடித்துவிடச் சொல்லுங்கள். தூக்குமேடை ஏறிய எந்த வீரரைப் பற்றியும் அதையே எழுதலாம். ரிசாலுக்கு மட்டும் உரியது என்ன என்பதைக் கண்டுபிடிப்பதுதான் கட்டுரை.

அடிப்படைச் செய்திகள் சுருக்கமாக. ஹோசே ரிசால் 1861 ஜூன் 19 அன்று பிலிப்பைன்ஸின் கலம்பாவில் பிறந்தவர். கண் மருத்துவர், நாவலாசிரியர். ஸ்பானிய ஆட்சி அவரை 1896 டிசம்பர் 30 அன்று மணிலாவின் பகும்பாயன் மைதானத்தில் சுட்டுக் கொன்றது. கவிதை ஸ்பானிய மொழியில் எழுதப்பட்டது; 14 பத்திகள், பத்திக்கு ஐந்து வரி, மொத்தம் 70 வரி. ஆல்கஹாலில் எரியும் சிறு அடுப்புக்குள் தாளை மடித்து ஒளித்து வைத்து, 'உள்ளே ஒன்று இருக்கிறது' என்று தங்கை த்ரினிதாத்திடம் ஆங்கிலத்தில் சொன்னார். காவலர்களுக்குப் புரியக்கூடாது என்பதற்காகத்தான் ஆங்கிலம். அந்தத் தாளில் தலைப்பு இல்லை, கையெழுத்து இல்லை, தேதியும் இல்லை. 1897-இல் ஹாங்காங்கில் அவருடைய நண்பர் மரியானோ போன்சே அச்சிட்டபோது 'என் கடைசி எண்ணம்' என்று பெயர் வைத்தார். இன்று வழங்கும் 'என் இறுதி விடைபெறல்' பிறகு வந்தது. ஆகவே 'ரிசால் இத்தலைப்பின் மூலம் உணர்த்துவது' என்று தொடங்கும் கட்டுரை முதல் வரியிலேயே சறுக்கிவிடும்.

இனி வழி. ஒரே ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு அவருடைய கவிதைகளை ஆண்டு வரிசையில் படிக்க வேண்டும். பூவைப் பிடியுங்கள்; இவரிடம் நிறையத் தருவது அதுதான்.

1879-இல், 18 வயதில், 'பிலிப்பைன்ஸ் இளைஞருக்கு' என்ற கவிதைக்கு மணிலா கலை இலக்கியச் சங்கத்தில் பரிசு வாங்கினார். அதன் முகப்பு வாசகம் 'வளர்வாய், கூச்சமுள்ள பூவே'. இங்கே பூ என்பது இளைஞர்கள். 1886 ஏப்ரலில் ஜெர்மனியில் இருந்தபோது எழுதியது 'ஹைடல்பர்க் பூக்களுக்கு'. அந்தப் பூக்களைத் தன் நாட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு, கடைசியில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறார்: போய்ச் சேர்ந்தால் நிறம் மிஞ்சலாம், மணம் மிஞ்சாது, ஏனென்றால் 'மணம்தான் உயிர்', பிறந்தபோது பார்த்த வானத்தை அது விட்டு வராது. (ஆர்.கே.புரம் கோயில் வாசலில் மல்லிகை வாங்கி முகர்ந்து பார்க்கிறவர்களுக்கு இந்த வரிக்கு உரை தேவையில்லை.)

பத்து ஆண்டு கழித்துக் கடைசிக் கவிதை. மூன்றாவது வரியில் தன் வாழ்க்கையை 'மூஸ்தியா' என்கிறார். வாடிய செடிக்கும் பூவுக்கும் சொல்கிற சொல் அது. அடுத்த வரியில், இது இன்னும் 'ஃப்ளோரிதா'வாக, அதாவது பூத்துக் குலுங்குவதாக, இருந்தாலும் உனக்கே தருவேன் என்கிறார். ஆறாம் பத்தியில் கல்லறைப் புல்லுக்கு நடுவே ஓர் எளிய பூ முளைக்கிறது. அதை உதட்டருகே கொண்டுபோய் 'என் உயிரை முத்தமிடு' என்கிறார். 1886-இல் எழுதிய 'மணம்தான் உயிர்' தெரிந்தவருக்கு மட்டுமே அந்த முத்தம் முழுதாகப் புரியும். பன்னிரண்டாம் பத்தியில் பூவும் போய்விடுகிறது. மணம், ஒளி, நிறங்கள், முணுமுணுப்பு, பாட்டு, முனகல் என்று வெறும் பெயர்ச்சொற்களாக நாட்டின் காற்றில் பரவிவிடுகிறார்.

இதே மாதிரி இன்னொரு சொல்லும் உண்டு. 1879 கவிதையில் இளைஞர்களிடம் நிமிர்த்தச் சொன்னது 'தெர்சா ஃப்ரெந்தே', சுருக்கமில்லாத நெற்றி. 1896 கவிதையின் நான்காம் பத்தியில் அதே இரண்டு சொற்கள் வருகின்றன. இப்போது நெற்றி நாட்டினுடையது. கறுத்த கண்களில் நீர் உலர்ந்து, நெற்றி உயர்ந்து நிற்கிற பெண்ணாக நாட்டைக் கனவு காண்கிறார். 17 ஆண்டுகளுக்குப் பிறகு ஒருவர் அதே சொல்லை எடுத்தால் அது தற்செயல் அல்ல. மகள் இந்த இரண்டு தடத்தை மட்டும் எழுதினாலே நான்கு பக்கம் வரும்.

கேள்வி: டெர்பிஷயரின் ஆங்கில மொழிபெயர்ப்பிலிருந்து தமிழாக்கம் செய்து வருகிறேன். எண்சீர் விருத்தத்தில் அமைக்க ஆசை. கவனிக்க வேண்டியவை?
(வாசகர், கரோல் பாக்)

பதில்: சார்ல்ஸ் டெர்பிஷயர் ஆங்கிலத்தில் ஓசையை நன்றாகப் பிடித்தவர்தான். ஆனால் மேலே சொன்ன 'ஃப்ளோரிதா' அவரிடம் எதுகைக்காக 'ஆசி பெற்ற' என்ற பொருளுள்ள சொல்லாகிவிட்டது. பூவின் முதல் தடம் அங்கேயே அழிந்தது. ஸ்பானிய மூலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் ஒரு வரியும் எழுதாதீர்கள். மொழி தெரியாவிட்டாலும் அகராதி போதும், 70 வரிதானே.

விருத்தத்தைப் பற்றி. எண்சீர் விருத்தத்தின் அரையடி இந்தக் கவிதைக்கு ஒத்துப்போகும். மூலத்தின் ஒவ்வொரு வரியும் 14 அசை, நடுவில் நிறுத்தம், ஏழும் ஏழும். சிக்கல் அடிக் கணக்கில் இருக்கிறது. விருத்தத்துக்கு நான்கு அடி, ரிசாலுக்கு ஐந்து. நான்கில் அடைக்கும்போது பெரும்பாலும் ஐந்தாம் வரிதான் பலியாகும். இவரோ பத்தியின் எடையை அங்கேதான் வைக்கிறார். ஸ்பானிய ஆட்சிக்கு எதிரான கிளர்ச்சியின் தலைவர் பொனிஃபாசியோ செய்ததாகச் சொல்லப்படும் தகாலோக் (பிலிப்பைன்ஸ் மொழி) மொழிபெயர்ப்பும் நாலடிப் பாட்டுதான். ஆனால் அது மூலத்தைச் சுருக்காமல் விரித்துக்கொண்டு போகிறது. நீங்களும் ஒரு பத்தியை இரண்டு விருத்தமாக விரிக்கலாம். அல்லது விருத்த ஆசையை விட்டுவிட்டு ஐந்து வரியிலேயே நிற்கலாம். எங்கள் ஓட்டு இரண்டாவதற்கு. மூலத்தின் ஓசை ஒழுங்கு வரிக் கடைசியில் இருக்கிறது, நாம் இயைபு என்போமே அது: முதல், மூன்றாம், நான்காம் வரிகள் ஓர் ஓசையில் முடியும், இரண்டும் ஐந்தும் வேறோர் ஓசையில். தமிழில் வினைமுற்றுகளை வைத்தே இயைபு அமைத்தால் 'கிறேன், கிறேன்' என்று சலித்துவிடும். பெயர்ச்சொல்லில் முடியப் பாருங்கள்.

சொற்களில் வழுக்கும் இடங்கள் சில. ஐந்தாம் பத்தியின் 'சலூத்' அகராதியில் 'உடல்நலம்' என்றிருக்கும். இங்கே அது வாழ்த்து, 'வாழி!' என்று போடுங்கள். இரண்டாம் பத்தியில் சைப்ரஸ், லாரல், லில்லி என மூன்று செடிகள். சைப்ரஸ் ஐரோப்பாவில் இடுகாட்டு மரம், லாரல் வெற்றி, லில்லி தூய்மை. லாரலுக்கு 'வாகை' அழகாகப் பொருந்தும். லில்லியை 'அல்லி' ஆக்கிவிடாதீர்கள். அது நீர்ப்பூ, பொருளும் வேறு. தமிழ் பைபிளில் உள்ள 'லீலி புஷ்பம்' கைகொடுக்கும். பத்தாம் பத்தியில் இரவில் கேட்கும் நரம்பிசைக் கருவிக்கு 'யாழ்' சரி. 'வீணை' என்றால் கச்சேரி மேடை நினைவுக்கு வந்துவிடுகிறது. பதினோராம் பத்தியில் கல்லறையை உழுது கிளறும் கருவி மண்வெட்டிதான், அதை உயர்த்திச் சொல்ல வேண்டாம்.

மூன்றாம் பத்தியில் தனிக் கவனம் வேண்டும். 'கிரானா' என்பது வெறும் சிவப்பு அல்ல, துணிக்குத் தோய்க்கும் செஞ்சாயம். அடுத்து வரும் வினையும் சாயம் தோய்ப்பதுதான். இரத்தம் இங்கே வீரக் காட்சி அல்ல, சாயத் தொட்டிக்குப் போகிற பொருள். மாதிரிக்கு ஒன்று:

வானில் நிறம் ஏறும் வேளையில் நான் சாகிறேன்;
இருண்ட முக்காட்டின் பின்னால் பகல் வரும் சேதி.
உன் வைகறையைத் தோய்க்கச் செஞ்சாயம் வேண்டுமா?
ஊற்று என் குருதியை, நல்ல வேளையில் சிந்து;
பிறக்கும் ஒளியின் சாயல் அதற்குப் பொன் பூசட்டும்.

அந்த 'முக்காடு' மூலத்தில் தலையை மூடும் நீண்ட அங்கி. பாதிரிமாரின் அங்கியைக் குத்திக் காட்டுகிறார் என்று சொல்ல ஆசை வரும். 'அப்படியும் கொள்ளலாம்' என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: 1896 டிசம்பர் 15-ஆம் தேதி அறிக்கையில் ஆயுதக் கிளர்ச்சியைக் கண்டித்தவர், இரண்டே வாரத்தில் போர்க்களத்தில் உயிர் கொடுப்பவர்களைப் பாடுகிறாரே? முரண்பாடு இல்லையா?
(ஆய்வு மாணவர், முனீர்கா)

பதில்: நல்ல கேள்வி. முரண்பாட்டை மூடி மறைக்காமல் இரண்டாம் பத்தியைச் சொல் சொல்லாகப் படியுங்கள். போர்க்களத்தில் உயிர் கொடுப்பவர்களை 'மற்றவர்கள்' என்று சொல்லி, அங்கே தன்னை வெளியே நிறுத்திக்கொள்கிறார். அவர்கள் எப்படிப் போரிடுகிறார்கள்? 'கோன் தெலீரியோ', தமிழில் 'சன்னதம் வந்தவர்கள் போல' என்பதற்கு அருகில் வரும். புகழ்ச்சியும் தயக்கமும் கலந்த சொல். 'ஐயமில்லாமல், வருத்தமில்லாமல்' உயிரைக் கொடுக்கிறார்கள் என்பதிலும் அதே இரட்டைத் தொனி, ஐயப்பட்டவர் இவர்தானே. பிறகு இடம் முக்கியமல்ல என்று சொல்லி, கொலைமேடையையும் திறந்த வெளியையும் ஒரே வரியில் வைக்கிறார். கொலைமேடை இவருடையது, திறந்த வெளி அவர்களுடையது. கிளர்ச்சியின் வழியை அறிக்கையில் மறுத்தவர், கிளர்ச்சிக்காரர்களைக் கவிதையில் கைவிட மறுக்கிறார். டிசம்பர் 26-இல் இராணுவ நீதிமன்றம் விசாரித்தது, கிளர்ச்சியைத் தூண்டினார் என்ற குற்றச்சாட்டில்தான் என்பதையும் சேர்த்து எடைபோடுங்கள்.

இவர் கடைசியில் கத்தோலிக்கத்துக்குத் திரும்பினாரா என்ற வழக்குக்கு 13-ஆம் பத்தியைச் சாட்சிக்கு இழுக்க வேண்டாம். 'நம்பிக்கை கொலை செய்யாத இடம், ஆள்பவர் கடவுளாக உள்ள இடம்' என்ற வரியை இரு கட்சியும் தமக்குச் சாதகமாகப் படிக்கலாம், படித்தும் வருகிறார்கள்.

கேள்வி: கையறுநிலை என்று இதை வகைப்படுத்தலாமா?
(வாசகர், மயூர் விஹார்)

பதில்: கூடாது. கையறுநிலை இறந்தவனுக்காக இருப்பவர் பாடுவது. இங்கே சாகப்போகிறவரே பாடுகிறார்; அழ வேண்டியவர்களுக்கு வேலையும் ஏவுகிறார். ஏழாம், எட்டாம் பத்திகளில் 'தேஹா', அதாவது 'விடு', என்ற ஏவல் திரும்பத் திரும்ப வருவதைப் பாருங்கள்: நிலவு பார்க்கட்டும் விடு, காற்று முனகட்டும் விடு, பறவை பாடட்டும் விடு. பதினொன்றில் அதே சொல் கடைசியாக வரும்போது, உழுகிறவன் உழட்டும் விடு என்கிறார்.

கேள்வி: தாய்மொழி நாள் விழாவில், 'தன் மொழியை நேசிக்காதவன் நாறும் மீனைவிடக் கேடு' என்று எட்டு வயதில் ரிசால் பாடியதைச் சொல்லிப் பேச்சைத் தொடங்கலாமா?
(வாசகி, துவாரகா)

பதில்: வேண்டாம். அந்தத் தகாலோக் பாட்டுக்கு ரிசாலின் கைப்பிரதி கிடையாது. அச்சில் முதலில் வந்தது 1906-இல், அவர் இறந்து பத்து ஆண்டு கழித்து. அதில் 'கலயாஆன்' (விடுதலை) என்ற சொல் வருகிறது. ஆனால் 1886-இல் ஜெர்மன் நாடகம் ஒன்றைத் தகாலோக்கில் பெயர்த்தபோது, விடுதலைக்குச் சொல் தெரியாமல் தவித்ததை அண்ணன் பசியானோவுக்கு அவரே எழுதியிருக்கிறார். சக எழுத்தாளர் மார்செலோ டெல் பிலாரின் மொழிபெயர்ப்பில் பார்த்த பிறகுதான் அந்தச் சொல் அவருக்குக் கிடைத்தது. 25 வயதில் தெரியாத சொல்லை 8 வயதில் எப்படிப் பாடியிருப்பார்? பிலிப்பைன்ஸ் ஆய்வாளர்கள் பலரும் இதை அவருடையதாக ஏற்பதில்லை. மீன் உவமையை விட மனமில்லையென்றால் 'ரிசால் பெயரில் வழங்கும் பாட்டு' என்று சொல்லுங்கள்.

கேள்வி: ஸ்பானிய மூலத்தையே மேடையில் வாசிக்க விரும்புகிறேன். ஐந்து நிமிடம் தருகிறார்கள். உச்சரிப்புக்கு வழி உண்டா?
(கல்லூரி மாணவி, லக்ஷ்மி நகர்)

பதில்: உண்டு. முதல் வரியை இப்படிப் பிரியுங்கள்: அ-தியோஸ்-பா-த்ரியா-தோ-ரா-தா, நிறுத்தம், ரெ-ஹியோன்-தெல்-சோல்-கே-ரி-தா. ஏழும் ஏழும் வந்துவிட்டதா? 'பாத்ரியா' கடைசியிலும் 'அதோராதா' முதலிலும் உள்ள இரண்டு 'அ'வும் ஒன்றாக ஒட்டியதைக் கவனியுங்கள். அதைப் பிரித்து வாசித்தால் எட்டாகி ஓசை நொண்டும். புதியவர்கள் தவறுவது இங்கேதான். இரண்டாம் வரியின் பின்பாதி: நுவெஸ்-த்ரோ-பெர்-தி-தோஎ-தென். எண்ணினால் ஆறு. பிழையில்லை, அழுத்தம் கடைசி அசையில் விழுந்தால் ஒன்று கூட்டிக் கணக்கிடுவது ஸ்பானிய யாப்பு விதி. வாசிக்கும்போது அந்தக் கடைசி அசையைச் சற்று நீட்டுங்கள். சந்தேகம் வந்தால் ஹனுமான் சாலையில் உள்ள இன்ஸ்டிடூட்டோ செர்வான்டெஸில் ஸ்பானியம் சொல்லித்தருகிறார்கள், அங்கே விசாரிக்கலாம்.

70 வரியும் நிதானமாக வாசித்தால் ஐந்து நிமிடத்தைத் தாண்டும். குறைக்க வேண்டுமானால் எட்டையும் ஒன்பதையும் விடலாம். ஒன்பதை விட மனம் வராது, தாய்மாருக்கும் அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் சிறையில் வதைபடுபவர்களுக்குமான வேண்டுதல் அது. அப்படியானால் எட்டோடு பத்தை எடுத்துவிடுங்கள். ஆறு, பதினொன்று, பன்னிரண்டு மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். பதின்மூன்றோடு நிறுத்தினால் கைதட்டல் அதிகம் கிடைக்கும், ஆனாலும் பதினான்கையும் வாசியுங்கள். நாட்டுக்குச் சொல்ல வேண்டியதை முடித்துவிட்டு, பெற்றோர், உடன்பிறந்தோர், சிறுவயதுத் தோழர், 'இனிய அயல்நாட்டுக்காரி' என்று தன் துணைவி ஜோசஃபின் பிராக்கன் வரை ஒவ்வொருவராக விடைபெறுகிறார். அங்கே குரலைத் தாழ்த்தி, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவது போல வாசிக்க வேண்டும்.