தசமபாகக் கவரும் ஒரு டம்ளரும்

கேள்வி இது: "'உன்னிடத்தில் நீ அன்புகூருவதுபோல் பிறனிடத்திலும் அன்புகூருவாயாக' என்ற கட்டளையைக் கிறிஸ்தவர்கள் அன்றாட வாழ்க்கையில் எப்படிக் கடைப்பிடிக்கிறீர்கள்? பிடிக்காதவர்களையும் நேசிக்க வேண்டுமா?"

நான் பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை. சிஎஸ்ஐ, அதாவது தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பம். ஓய்வுநாள் பள்ளியில் சின்ன வயதிலேயே மனப்பாடம் செய்து ஒப்பித்த வசனம் இது. ஆனால் அது உறைத்தது நாற்பது வயதுக்கு மேல், ஒரு சம்பள விஷயத்தில்.

எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்கி, வீடு பெருக்கித் துடைக்க ஓர் அக்கா வருகிறார். முதல் தேதி அவருக்குச் சம்பளம். அந்த மாதம் முதல் தேதி சனிக்கிழமை. காலையிலேயே ஏடிஎம்மில் பணம் எடுத்து, சபைக்குக் கொடுக்கும் பத்தில் ஒரு பங்கான தசமபாகத்தை எண்ணிக் கவரில் போட்டு பைபிளுக்குள் வைத்துவிட்டேன். அக்கா வேலையை முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். "திங்கட்கிழமை வாங்கிக்கோங்க அக்கா" என்றேன். எடுத்த பணத்தில் மீதி வேறு செலவுக்கு. இன்னொரு தடவை ஏடிஎம்முக்குப் போகச் சோம்பல், அவ்வளவுதான் காரணம். "சரி டீச்சர்" என்றார். ஆனால் உடனே போகவில்லை. முந்தானையை உதறித் திரும்பவும் இடுப்பில் செருகிக்கொண்டு, கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போனார்.

மறுநாள் ஆராதனையில் முதலில் வாசித்த வேதபாடம் பழைய ஏற்பாட்டில் உள்ள லேவியராகமம் 19. பிறனிடத்தில் அன்புகூரச் சொல்லும் வசனம் முதலில் வருவதே அங்கேதான், 18ஆம் வசனம். இயேசு அதைத்தான் எடுத்துச் சொன்னார். அதற்கு ஐந்து வசனம் முன்னால் இப்படி இருக்கிறது: "கூலிக்காரனுடைய வேலையின் கூலி விடியற்காலமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது." எத்தனையோ தடவை வாசித்ததுதான். அன்றைக்கு மடியில் தசமபாகக் கவரை வைத்துக்கொண்டு கேட்டபோது தலை நிமிர முடியவில்லை.

அந்த அதிகாரத்தை ஒரு தடவை முழுதாக வாசித்துப் பாருங்கள். அறுவடையில் வயலின் ஓரத்தை ஏழைக்கும் பரதேசிக்கும் விட்டுவை, செவிடனை நிந்தியாதே, குருடனுக்கு முன் தடுக்கலை வைக்காதே, கோள்சொல்லித் திரியாதே, தராசும் படியும் சரியாக இருக்கட்டும். இத்தனைக்கும் நடுவில்தான் 'அன்புகூருவாயாக' வருகிறது. மனசுக்குள் ஒருவர்மேல் பாசம் பொங்க வேண்டும் என்று அங்கே ஒரு வரியும் இல்லை. கூலி, அளவு, நாக்கு, வயல் ஓரம் என்று பெரும்பாலும் செய்கையில் காட்டுகிற காரியங்களாகவே இருக்கின்றன. இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் இந்தக் கட்டளை என்னால் செய்யக்கூடியது என்று எனக்குத் தோன்றியது.

ஆராதனை முடிந்ததும் பணத்தை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டைத் தேடிப் போனேன். இரண்டு வருடமாக வேலைக்கு வருகிறவர். வீடு எந்தத் தெரு என்றுகூட எனக்குத் தெரியாது, விசாரித்துத்தான் போனேன். ஒற்றை அறை. சிலிண்டர் தீர்ந்துபோய், வெளியே கல் கூட்டி விறகில் சோறு வடித்துக்கொண்டிருந்தார். பணத்தைக் கொடுத்து, நேற்றே தந்திருக்க வேண்டும் என்றேன். "அதுக்கென்ன டீச்சர், உள்ள வாங்க" என்று உட்காரவைத்து, அதே அடுப்பில் டீ போட்டார். பரணிலிருந்து அட்டைப்பெட்டியை இறக்கி, பூப்போட்ட கண்ணாடி டம்ளர் ஒன்றை எடுத்து, இரண்டு தடவை கழுவி, அதில் ஊற்றிக் கொடுத்தார்.

எங்கள் வீட்டில் அவருக்கு டீ கொடுக்கத் தனியாக ஓர் எவர்சில்வர் டம்ளர் உண்டு. பின்வாசல் ஜன்னல் மேல் இருக்கும். விளிம்பு நசுங்கினது. அதை நான் வைக்கவில்லை, மாமியார் காலத்திலிருந்து இருக்கிறது. ஆனால் இரண்டு வருடமாக அதில் டீ ஊற்றிக் கொடுத்தது என் கைதான். அந்த டீயை நான் எப்படிக் குடித்து முடித்தேன் என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

யோவான் 4இல் கிணற்றடியில் ஒரு சமாரியப் பெண்ணிடம், யூதரான இயேசு "தாகத்துக்குத்தா" என்று கேட்கிறார். யூதர்கள் சமாரியருடனே சம்பந்தங்கலவாதவர்கள் என்று அங்கேயே எழுதியிருக்கிறது. மொண்டுகொள்ள அவரிடம் பாத்திரமும் இல்லை. அப்படியானால் அவர் குடிக்கக் கேட்டது அவள் பாத்திரத்திலிருந்து. எங்கள் ஊரில் வளர்ந்த யாருக்கும் இது புரியும்.

சபைக்குள்ளும் இது பழைய நோய். கல்கத்தா பிஷப் தானியேல் வில்சன் 1833இல், சபையில் சாதி வேறுபாட்டை உடனே, முழுவதுமாக விட்டுவிட வேண்டும் என்று கடிதம் எழுதினார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சாதியை விடாமல் சபையை விட்டார்கள்.

அப்புறம் அந்த 'பிறன்' என்ற சொல். கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியத்தில் 'அடுத்திருப்பவர்' என்று இருக்கிறது. அதுவும் நல்ல சொல்தான். ஆனால் எங்கள் பழைய மொழிபெயர்ப்பின் 'பிறன்' எனக்கு இன்னும் பிடிக்கும். தன் ஆள் அல்லாதவன்தானே பிறன்? "எனக்குப் பிறன் யார்?" என்று வேதச் சட்டம் கற்ற ஒரு நியாயசாஸ்திரி கேட்டபோது இயேசு நல்ல சமாரியன் கதையைச் சொல்கிறார். கள்ளர் அடித்துப் போட்டவனைப் பார்த்தும் கோயில் ஊழியர் இரண்டு பேர் விலகிப் போக, மூன்றாவதாக வந்த சமாரியன் உதவுகிறான். சொல்லிவிட்டு, கள்ளர் கையில் அகப்பட்டவனுக்கு இந்த மூன்று பேரில் எவன் பிறனாயிருந்தான் என்று திருப்பிக் கேட்கிறார். அதாவது, நான் யாருக்கு உதவுவது என்று கேட்டவனை, அடிபட்டுக் கிடக்கிறவன் இடத்திலிருந்து பார்க்க வைக்கிறார். அன்றைக்கு அந்த ஒற்றை அறையில் எனக்குப் பிறனாயிருந்தது அக்கா.

அந்தச் சமாரியன் செய்ததற்கு ஓர் அளவும் இருக்கிறது. காயம் கட்டினான், சத்திரத்தில் சேர்த்தான், இரண்டு பணம் கொடுத்தான். ஒரு பணம் அன்றைக்கு ஒரு நாள் கூலி. மறுநாள் தன் வழியே போனான், திரும்பி வரும்போது மீதியைத் தருவதாகச் சொல்லிவிட்டு. எல்லாருக்கும் எல்லாம் செய்ய வேண்டுமோ என்று மலைத்து நிற்கிறவர்களிடம் இதைச் சொல்வேன்.

பிடிக்காதவர்களைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். யாத்திராகமம் 23இல், உன்னைப் பகைக்கிறவனுடைய கழுதை சுமையோடு விழுந்து கிடந்தால் விட்டுவிட்டுப் போகாதே, உதவி செய் என்று இருக்கிறது. அவனைப் பிடிக்க வேண்டும் என்று சொல்லவில்லை, கழுதையைத் தூக்கிவிடச் சொல்கிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கும் எங்களுக்கும் வாறுகால், அதாவது சாக்கடைத் தண்ணீர் விஷயத்தில் மூன்று வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. முன்பெல்லாம் அவர்கள் வீட்டுத் தொட்டி நிரம்பி வழிந்தால் பேசாமல் இருப்பேன். இப்போது சுவர் ஓரமாகப் போய், "மோட்டார் ஓடுது" என்று சத்தம் கொடுக்கிறேன். பதில் வராது, மோட்டார் நிற்கும்.

சம்பளம் இப்போது முந்தின நாளே கொடுத்துவிடுகிறேன். தசமபாகம் எண்ணுவது அதற்குப் பிறகு. அந்த நசுங்கின டம்ளரை எடுத்துப் பழைய பாத்திரக்காரரிடம் போட்டுவிட்டேன். அதற்கு மாமியார் என்னிடம் நாலு நாள் பேசவில்லை. அவர் அப்படியே வளர்ந்தவர், வயது எழுபத்தெட்டு. தினமும் வேதம் வாசிக்காமல் காலைச் சாப்பாட்டில் கை வைக்காதவர். அக்கா குடித்த டம்ளரை அவர் இன்னும் தனியாக ஒதுக்கி வைக்கிறார். நான் எடுத்துக் கழுவி மற்றவற்றோடு கவிழ்த்து வைக்கிறேன். அவரிடம் குரல் உயராமல் இதைப் பேச எனக்கு இன்னும் வரவில்லை. நேற்று இரவு படிக்கக் கண்ணாடி கேட்டார், எடுத்துக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, யோவான் 4ஐ நான் வாசிக்கட்டுமா அத்தை என்று கேட்டேன்.