ஊருக்கு யாரு சொன்னது?

கேள்வி: கல்யாணமாகி இந்த சின்ன ஊருக்கு வந்து ஆறு வருஷமாச்சு. எனக்குன்னு இருக்கறது எதிர்வீட்டு ஃப்ரெண்ட் ஒருத்திதான். புருஷனை விட்டுப் பிரிஞ்சுடலாம்னு இருக்கேன்னு என்கிட்ட மட்டும் சொன்னா, அவருக்குக்கூட தெரியாது. நான் என் வீட்டுக்காரர்கிட்ட மட்டும் சொன்னேன். இப்ப ஊரே அதைப் பேசுது. அவ சகவாசமே வேணாம், நம்ம பேரும் கெட்டுடும்ங்கறார் இவர். நான் யார் பக்கம் நிக்கறது?

பதில்: ஃப்ரெண்டா புருஷனான்னு மாசத்துக்கு நாலு லெட்டர் வருது, அந்தக் கேள்விய ஓரமா வை தங்கச்சி. போறபோக்குல ரெண்டு தடவை "மட்டும்"னு எழுதியிருக்க பாரு, எனக்கு அங்கதான் கண்ணு நின்னுச்சு. அவ உன்கிட்ட மட்டும் சொன்னா, நீ அவர்கிட்ட மட்டும் சொன்ன, அப்ப ஊருக்கு யாரு சொன்னது, செவுரா?

சாயங்காலம் நாலு பேரோட உக்காந்திருக்கப்ப உன் வீட்டுக்காரர் "எங்க எதிர்வீட்ல"ன்னு ஆரம்பிச்சிருப்பார், பேர்கூட சொல்லியிருக்க மாட்டார். சின்ன ஊர்ல பேர் எதுக்கு, எதிர்வீடுன்னா எந்த வீடுன்னு எல்லாருக்கும் தெரியுமே. இப்ப அவரே ஊர் பேசுதுங்கறார். அவ மூஞ்சியில முழிக்க முடியலன்னுதான் உன்னையும் போகாதங்கறாரோன்னு எனக்குத் தோணுது.

புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஒளிவு மறைவு கூடாதுன்னு நானும் சொல்றவதான், ஆனா அது உன் விஷயத்துக்கு. அடுத்தவ நம்பிக் குடுத்து வச்சத எடுத்து நீட்ட உனக்கு யாரு உரிமை குடுத்தா?

எனக்கு கோவம் வந்தது அதுக்கும் மேல ஒண்ணுக்கு. ஊரே பேசுதுன்னா அவ புருஷன் காதுக்கும் போயிருக்கும்ல? அந்த வீட்ல இப்ப ராத்திரி எப்படி விடியுதுன்னு ஒரு தடவை யோசிச்சியா? லெட்டர்ல உன் பேரு கெடறதப் பத்தி இருக்கு, அவளுக்கு என்னாச்சுன்னு ஒரு வரி இல்ல.

இன்னைக்கே போ. போன்ல வேணாம், தெருவத் தாண்டினா வீடு. என் வாயாலதான் வெளிய போச்சுன்னு சொல்லு, வீட்டுக்காரர் மேல பழியப் போட்டு நீ தப்பிக்காத. திட்டுனா வாங்கிக்க. அங்க இருக்க பயமா இருக்கான்னு கேளு, ஆமான்னா அப்பவே கூட்டிட்டு வா. யாரைக் கேட்டு கூட்டிட்டு வந்தன்னு இவர் குதிச்சா, நீங்க யார் யார்கிட்ட சொன்னீங்கன்னு திருப்பிக் கேளு. கத்த வேணாம், பதில் வர்ற வரைக்கும் அவர் முன்னாடியே உக்காரு.

அவ கதவைச் சாத்திட்டாளா, சரி, திரும்பி வா. நாளைக்கு மறுபடி போய்த் தட்டு.