கன்னம் வைக்க முதலில் சுவர் வேண்டும்

அன்புள்ள அண்ணா,

உங்கள் தொடர்கதையில் ரங்கூன் தாம்வே பக்கம் ஒரு வீட்டுச் சுவரில் திருடன் கன்னம் வைத்து, அதாவது ஓட்டை குடைந்து, நுழைகிறான். மோல்மீனில் எங்கள் வீடு கட்டைக்காலில் நிற்கும் பலகை வீடு. அக்கம்பக்கமும் அப்படித்தான். பலகையில் யாராவது கன்னம் வைப்பார்களா? நானும் ஒரு நாவல் எழுதுகிறேன்: 1930, ரங்கூன் முகல் தெரு, செட்டியார்கள் வட்டிக்கடை நடத்திய ஒரு கிட்டங்கியில் திருட்டு. அந்தக் காலத்தில் எப்படி உள்ளே போனார்கள் என்று எங்கே தேடுவது?

மோல்மீன் வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

மாட்டிக்கொண்டேன். அந்தக் கன்னக்கோல் ராமநாதபுரத்துச் சரக்கு. தாத்தா சொன்ன கதையிலிருந்து எடுத்து அப்படியே கப்பலேற்றிவிட்டேன். அங்கே மண்சுவர். தண்ணீர் ஊற்றி ஊறவைத்துச் சத்தமில்லாமல் குடைவார்களாம். ஓட்டை விழுந்ததும் தலையை விட மாட்டார்கள். ஒரு கம்பில் சட்டியைக் கவிழ்த்து உள்ளே நீட்டுவார்கள். இருட்டில் எவனாவது அரிவாளோடு காத்திருந்தால் சட்டிதான் உடையும். இந்தச் சட்டிமேல் ஆசைப்பட்டுத்தான் தாம்வேயில் மண்சுவர் உண்டா என்று யோசிக்க மறந்தேன்.

எங்கே தேடுவது என்றால், நான் இப்போது முதலில் எடுப்பது குற்றவியல் சட்டப் புத்தகத்தை. 1860-இல் இந்தியாவுக்கு எழுதிய தண்டனைச் சட்டம்தான் பர்மாவுக்கும். 1937-இல் நாடு தனியாகப் பிரிந்த பிறகும் பிரிவு எண்கள்கூட மாறவில்லை. 445-ஆம் பிரிவு வீட்டை உடைத்துப் புகுவது பற்றியது. அதற்குக் கொடுத்திருக்கும் உதாரணங்களைப் படியுங்கள். எழுதியவர் நாவலாசிரியராகியிருக்க வேண்டியவர். சுவரில் ஓட்டை போட்டுக் கையை விடுகிறவன், கப்பலின் பக்கத் துவாரம் வழியாக ஊர்ந்து போகிறவன், கதவின் ஓட்டையில் கம்பியை விட்டுத் தாழ்ப்பாளைத் தூக்குகிறவன், வீட்டுக்காரர் தொலைத்த சாவியைக் கண்டெடுத்துத் திறக்கிறவன், அடிப்பேன் என்று வாசற்காவலனை மிரட்டி நுழைகிறவன்... எல்லாரும் அங்கே இருக்கிறார்கள். அடுத்த பிரிவு, பொழுது சாய்ந்து விடிவதற்குள் செய்தால் அது இரவுக் குற்றம் என்கிறது.

இதில் உங்கள் கதைக்கு எது? கிட்டங்கி என்பது நீளமான ஒரே கூடம். பல வட்டிக்கடைகள் அங்கேயே ஆளுக்கொரு பெட்டியடி, அதாவது கணக்குப்பெட்டி வைக்கும் இடம், போட்டு உட்கார்ந்திருக்கும். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று கடை ஆட்கள் எல்லாரும் ராத்திரி அங்கேயே பாய் விரித்துப் படுப்பார்கள். அத்தனை பேரைத் தாண்டி ஒருவன் இரும்புப் பெட்டியை உடைத்தான் என்றால் நான் நம்ப மாட்டேன். எனக்கென்னவோ சாவிதான் சரியாகப் படுகிறது. பெட்டிக்குள் என்ன இருந்தது என்பதும் முக்கியம். ரொக்கத்தோடு, கடன் வாங்கியவர்கள் எழுதிக் கொடுத்த புரோநோட்டுகளும் இருக்கும். வெளித் திருடனுக்கு அது வெறும் காகிதம். கடன்பட்ட விவசாயிக்கு அப்படியில்லை.

சுவர்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் அதற்கும் வழி இருக்கிறது. 1930 மே 5 அன்று ரங்கூனுக்கு வடகிழக்கே பெகு ஊரில் பூகம்பம். ரங்கூனிலும் கட்டிடங்கள் சேதமாயின, ஆட்களும் செத்தார்கள். விரிசல் விட்ட செங்கல் சுவர் உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் மாதத்தைக் கவனியுங்கள். அதே மே கடைசியில் துறைமுகத்தில் தொடங்கிய கலவரம் ஊரையே உலுக்கியது; நம்மவர்கள் கதவடைத்துக் கிடந்தார்கள். அந்த வாரத்தில் உங்கள் திருடன் தெருவில் சாவகாசமாக நடந்து வரக்கூடாது.

அப்புறம், அவன் கைரேகையை மறந்துவிடாதீர்கள். கல்கத்தாவில் 1897-லேயே ரேகைப் பிரிவு வந்துவிட்டது. மறு வருடமே ஜல்பைகுரி தேயிலைத் தோட்டத்தில் மேலாளர் கொலையான வழக்கில், நாட்காட்டியில் பதிந்த பெருவிரல் ஒரு பழைய வேலைக்காரனைச் சிக்கவைத்தது. திருட்டுக்குத் தண்டனை கிடைத்தது, கொலையிலிருந்து தப்பிவிட்டான்.

தாம்வே அத்தியாயத்தைத் திருத்திவிட்டேன். திருடன் இப்போது வீட்டுக்கு அடியில் புகுந்து தரைப்பலகையைப் பெயர்க்கிறான். அங்கே படுத்திருக்கும் நாயை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. உங்கள் வீட்டில் நாய் இருக்கிறதா?