கேள்வி மேடை: பாட்டில் ஏன் சுருங்குச்சு?

கேள்வி: காலி தண்ணி பாட்டில்ல நல்லா கொதிச்ச தண்ணிய ஊத்துனேன் சார், கண்ணு முன்னாடியே சுருங்கி கோணிக்கிச்சு. சூடு பட்டா விரியும்னுதான ஸ்கூல்ல படிச்சோம்?

பதில்: படிச்சது தப்பில்ல, ஆனா பாலிமர் (பிளாஸ்டிக், ரப்பர் மாதிரி நீள சங்கிலி மூலக்கூறால ஆன பொருள்) வேற ரகம். அந்த பெட் (PET-ங்கற பிளாஸ்டிக்) பாட்டில் முதல்ல டெஸ்ட் டியூப் சைஸ்ல தடியான குழாயாத்தான் இருந்துச்சு, அத 100 டிகிரி பக்கம் சூடாக்கி, உள்ள கம்பி விட்டு இழுத்து, காத்தடிச்சு பலூன் மாதிரி ஊதி, அச்சுல ஒட்டினதும் டக்குனு ஆற வச்சிடுவாங்க. அதோட மூலக்கூறு ஒவ்வொண்ணும் நீள சங்கிலி, சும்மா விட்டா சிக்கு விழுந்த நூல் மாதிரி சுருண்டு கெடக்கும், ஏன்னா நேரா நிக்க ஒரே வழி, சுருண்டு கெடக்க கோடி வழி (என்ட்ரோபின்னு பயமுறுத்துறது இதத்தான்). ஊதறப்ப நீண்டுடுது, திரும்ப சுருளறதுக்குள்ள ஆறி இறுகிடுது. சுமார் 70, 80 டிகிரி தாண்டுனா அந்த இறுக்கம் விட்டுடும், அப்புறம் என்ன, பழைய குழாய நோக்கி கெளம்பிடும். பாட்டில தூக்கிப் போடலன்னா கழுத்தப் பாருங்க, மரை இருக்கற எடம் அவ்வளவா சுருங்கியிருக்காது, அத யாரும் ஊதவே இல்லையே.

ரப்பர் பேண்டும் இதே கதைதான், இழுத்தா அதோட சங்கிலிங்க நீளும், விட்டா திரும்ப சுருளும். சட்டுனு இழுத்து மேல் உதட்டுல வைங்க, லேசா சுடும், கொஞ்ச நேரம் இழுத்தே வச்சிருந்து விட்டுட்டு வைங்க, ஜில்லுனு இருக்கும். பார்வை இல்லாத இங்கிலாந்து விஞ்ஞானி ஜான் கஃப் 1805லயே உதட்டுல வச்சுத்தான் இத சொன்னாரு, எனக்கு ரொம்ப பிடிச்ச சோதனை, செலவே இல்ல. வெயிட்டு கட்டி தொங்கவிட்ட ரப்பருக்கு ஹேர் டிரையர் காட்டுனா வெயிட்டு மேல ஏறும், அதுவும் இதனாலதான்.

வயர் ஜாயிண்ட்ல மாட்டி சூடு காட்டுனதும் கப்புனு புடிச்சுக்கற ஸ்லீவ் இருக்கே, அது வேணும்னே விரிச்சு ஆற வச்ச பிளாஸ்டிக். உங்க பாட்டில் தெரியாம செஞ்சத அது தெரிஞ்சு செய்யுது.

கேள்வி: அப்ப சூடாவே ஊத்தி அடைக்கற ஜூஸ் பாட்டில் மட்டும் எப்படி தாங்குது?

பதில்: அதுக்கு ஊதற அச்சையே சூடா வச்சிருப்பாங்க, சங்கிலிங்க அங்கங்க ஒழுங்கா அடுக்கி படிகமாயிடும், அந்தப் படிகம் ஆணி அடிச்ச மாதிரி மத்ததையும் புடிச்சுக்கும். சில பாட்டில்ல கழுத்து மட்டும் பால் மாதிரி வெள்ளையா இருக்கும் பாத்திருக்கீங்களா, பெயிண்ட் இல்ல, அதே பிளாஸ்டிக் படிகமானதுதான்.