அரண்மனையில் ஓர் இரவு: பணம் கட்டும் முன்

கேள்வி: ஊட்டியில் மகாராஜா காலத்துப் பங்களா ஒன்றை ஹோட்டலாக்கியிருக்கிறார்கள். எங்கள் 25-வது திருமண நாளுக்கு டிசம்பர் கடைசியில் ஒரு ராத்திரி அங்கே தங்க ஆசை. 74 வயதான என் அம்மாவும் வருகிறார், மூட்டு வலி உண்டு. அறை வாடகை 11,000 ரூபாய். முழுப் பணத்தையும் இப்போதே கட்ட வேண்டுமாம், ரத்து செய்தால் திரும்பக் கிடைக்காதாம். கட்டலாமா ஐயா? (ஈரோடு வாசகர்)

பதில்: தாராளமாகப் போய் வாருங்கள். ஆனால் பணம் அனுப்பும் முன் ஒரு விஷயத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: உங்கள் அறை பழைய கட்டடத்தில் இருக்கிறதா, பின்னால் புதிதாகக் கட்டிய பிளாக்கிலா?

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். குன்னூரில்தான் குடியிருக்கிறேன், ஆனாலும் ஏமாந்தேன். படத்தில் மரத்தரையும் கணப்பும் பார்த்துப் பணம் கட்டினோம். போனால் பின்கட்டில் டைல்ஸ் போட்ட ஒரு சாதாரண அறை. கேட்டதற்கு, "அதுவும் இதே வளாகம்தானே சார்" என்றார்கள். நாங்கள் கட்டிய ரசீதில் 'டீலக்ஸ் அறை' என்று மட்டும்தான் இருந்தது. என் மனைவி அன்று ராத்திரி முழுக்கப் பேசவே இல்லை. அந்த வருத்தம் உங்கள் வீட்டுக்கு வரக்கூடாது.

அறை எண்ணோ கட்டடத்தின் பெயரோ மின்னஞ்சலில் வரட்டும். அவர்கள் விளம்பரப் படங்களையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். மத்திய சுற்றுலா அமைச்சகம் 'ஹெரிடேஜ்' என்று வகைப்படுத்தும் ஹோட்டல்கள் 1950-க்கு முன் கட்டிய கட்டடங்களாக இருக்க வேண்டும். அந்தச் சான்று இருக்கிறதா என்றும் கேளுங்கள். பெயர்ப்பலகையில் 'பேலஸ்' என்று யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம்.

அடுத்தது குளிர். மைசூர், ஜோத்பூர், பரோடா மன்னர்கள் ஊட்டியில் மாளிகை வைத்திருந்தது கோடைக்காக. உயரமான கூரை, பெரிய பெரிய ஜன்னல் எல்லாம் ஏப்ரல், மே மாதத்துக்குச் சுகம். டிசம்பர் கடைசியில் இங்கே புல்வெளியில் உறைபனி விழும் நேரம். அந்தப் பெரிய அறை சீக்கிரம் சூடாகாது. கணப்பு எரியுமா, வெறும் அலங்காரமா? விறகுக்குத் தனிக் காசா? அறையில் ஹீட்டர் உண்டா? மூன்றையும் கேளுங்கள். ஈர விறகைப் போட்டால் புகை அறைக்குள்ளேயே சுற்றும், கண் எரியும், ஜன்னலைத் திறந்தால் குளிர் உள்ளே வரும். அம்மாவுக்கு அது ஆகாது. பழைய மாளிகைகளில் மரப்படிகள் செங்குத்தாக இருக்கும், லிஃப்ட் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். தரைத்தளத்து அறை வேண்டும் என்று இப்போதே சொல்லிவிடுங்கள்.

பில் விஷயம். ஒரு நாள் அறை வாடகை 7,500 ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. 18 சதவீதம். உங்கள் 11,000-க்கு வரி மட்டும் 1,980, ஆக 12,980. 7,500 வரை என்றால் 5 சதவீதம்தான். அம்மாவுக்குக் கூடுதல் கட்டில் போட எவ்வளவு என்றும் சேர்த்துக் கேளுங்கள். சாப்பாட்டு பில்லில் சர்வீஸ் சார்ஜ் தானாக ஏறியிருந்தால் எடுக்கச் சொல்லலாம், அது கட்டாயமில்லை.

திரும்பக் கிடைக்காத கட்டணத்துக்கு நான் சம்மதிக்க மாட்டேன். அம்மாவின் உடம்பு அன்று எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும், ரத்து செய்ய வழியுள்ள விலையைக் கேளுங்கள்.

சொன்ன அறை தரவில்லை என்றால் அங்கேயே படம் எடுத்து, மேனேஜருக்கு எழுத்தில் கொடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், ஊட்டிக்கு அலைய வேண்டாம். 2 வருடத்துக்குள் போட வேண்டும். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் இல்லை.

சொந்தக் காரில் வந்தால் நீலகிரிக்குள் நுழைய ஆன்லைனில் இ-பாஸ் எடுத்துவிடுங்கள், இலவசம்தான். தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில் கொண்டு வாருங்கள், நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. அம்மாவுக்கு ஒரு வெந்நீர்ப் பையும், கம்பளிக் காலுறை இரண்டு ஜோடியும் மறக்காமல் எடுத்து வையுங்கள்.