தகர டின்னில் டீ, மடியில் கடிதம்: ஓய்விலிருக்கும் சிப்பாய் ஃபிகர்களை (குட்டி பொம்மைகளை) செய்வது எப்படி?

கேள்வி: மேலூர் பக்கம் எங்கள் ஊர். என் தாத்தா மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் இருந்தவர். இரண்டாம் உலகப் போரில் பர்மா போய் வந்தார் என்று வீட்டில் சொல்வார்கள். சண்டையைப் பற்றி வாயே திறந்ததில்லையாம். தகர டின்னில் டீ போட்டதையும், ஊரிலிருந்து வந்த கடிதத்தை ஒருவர் வாசிக்க மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டதையும் மட்டும் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். அடுத்த ஆண்டு அப்பாவுக்கு எழுபது நிறைகிறது. அந்தக் காட்சியைச் சின்னதாகச் செய்து கொடுக்க ஆசை. ஓய்வாக உட்கார்ந்திருக்கும் பிரிட்டிஷ் சிப்பாய்கள் ஐந்து பேர் உள்ள, 1/35 அளவு (நிஜத்தில் 35-இல் ஒரு பங்கு) பிளாஸ்டிக் செட் ஒன்றை ஆன்லைனில் வாங்கிவிட்டேன். எல்லாம் வெள்ளைக்காரன் முகம். இவர்களை நம் ஆட்களாக மாற்ற முடியுமா? மதுரையில் கிடைக்கும் பொருளை வைத்தே முடிக்கலாமா? இதுவரை ஒரு கார் கிட் மட்டும்தான் ஒட்டியிருக்கிறேன்.

பதில்: முடியும். இரண்டுக்கும் அதே பதில்தான். உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து அந்தக் காட்சி என் கண்ணிலேயே நிற்கிறது. இந்தக் கலைக்கு இதைவிட நல்ல விஷயம் அமையாது.

போரின் கடைசியில் ஏறக்குறைய 25 லட்சம் பேர் இந்தியப் படையில் இருந்தார்கள். ஆனால் கடையில் கிடைக்கும் ஃபிகர் செட்டுகளில் பெரும்பாலும் ஜெர்மானியர், அமெரிக்கர், ரஷ்யர், பிரிட்டிஷார்தான். அதிலும் பாதிப் பேர் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருப்பார்கள். உக்ரைனின் மினிஆர்ட் போன்ற நிறுவனங்கள் சாப்பிடுகிற, ஷேவ் பண்ணுகிற, படுத்துக் கிடக்கிற சிப்பாய்களையும் செட்டாகப் போடுகின்றன. நீங்கள் பிரிட்டிஷ் செட் வாங்கியது நல்லதாகப் போயிற்று. இடுப்புப் பட்டை, பைகள், தண்ணீர்க் குடுவை எல்லாம் இந்தியச் சிப்பாய்க்கும் அதே மாதிரிதான். அமெரிக்க செட்டாக இருந்தால் உடுப்பையே மாற்ற வேண்டி வந்திருக்கும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஓடுகிற ஆளைவிட உட்கார்ந்திருக்கிற ஆளைச் செய்வதுதான் கடினம். ஓடுகிறவன் எப்படி ஒட்டினாலும் ஓடுவான். உட்கார்ந்திருப்பவனுடைய உடம்பின் பாரம் எங்கே இறங்குகிறது என்று தெரியாவிட்டால், அவன் அந்தரத்தில் மிதக்கிற பிளாஸ்டிக்தான். எவ்வளவு அழகாக வண்ணம் அடித்தாலும் அதை மறைக்க முடியாது. ஆகவே உங்கள் நேரத்தில் பாதியை உட்கார வைப்பதற்கே ஒதுக்குங்கள்.

அதற்கு முன் பத்து நிமிட வேலை ஒன்று இருக்கிறது. தாத்தாவின் பதக்கம் வீட்டில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். ஆறு முனையுள்ள, பித்தளை நிற நட்சத்திரமாக இருந்தால் நடுவில் உள்ள எழுத்தைப் படியுங்கள். பர்மா ஸ்டார் என்று இருந்தால் சந்தேகமே இல்லை. ரிப்பன் மிச்சமிருந்தால் நடுவில் அகலமான சிவப்பு, இரு பக்கமும் கருநீலம், ஒவ்வொரு நீலத்தின் நடுவிலும் மெல்லிய ஆரஞ்சுக் கோடு தெரியும். இத்தாலி ஸ்டார் என்று இருந்தால் கதை வேறு. மெட்ராஸ் சாப்பர்ஸ் அங்கும் போனவர்கள்தான். காஞ்சிபுரம் பக்கத்து ஊர்க்காரரான சுபேதார் சுப்பிரமணியன் கண்ணிவெடியின் மேல் தன் உடம்பைப் போட்டு, கூட இருந்தவர்களைக் காப்பாற்றி உயிர்விட்டது இத்தாலியில், 1944 பிப்ரவரி 24 அன்று. அதற்காக ஜார்ஜ் கிராஸ் விருது பெற்றவர் அவர். அந்த ஊர்க் குளிருக்குக் கம்பளி உடுப்பு. பர்மா என்றால் ஆண்டையும் பாருங்கள். 1942-இல் பின்வாங்கி வந்த படை காக்கியில் இருந்தது. 1944-இல் இம்பால், கோஹிமா சண்டை நடந்தபோது காட்டுப் பச்சை வந்துவிட்டது. பசுமையான பச்சை வேண்டாம். துவைத்துத் துவைத்து வெளுத்துப் போன பச்சை வேண்டும்.

சரி, ஒட்டும் வேலைக்கு வருவோம். 1/35 அளவில் 175 செ.மீ. உயரமுள்ள ஆள் 50 மி.மீ. இருப்பார். தலை ஆறரை மி.மீ.தான். (இந்த விநோதமான அளவு வந்ததற்குக் காரணம் ஜப்பானின் தமியா நிறுவனம். 1961-இல் அவர்கள் மோட்டார் வைத்த பாந்தர் டாங்கி ஒன்றைச் செய்தபோது, பேட்டரி உள்ளே அடங்க எவ்வளவு பெரிதாக வேண்டுமோ அதுவே அளவாகி, பிறகு உலகம் முழுக்கப் பரவிவிட்டது.) அச்சு இணைந்த கோடு உடம்பின் இரு பக்கமும் ஓடும். கத்தியின் முதுகால் மெதுவாகச் சுரண்டி எடுங்கள். கைகளை இப்போதைக்கு ஒட்ட வேண்டாம்.

செட்டில் உள்ள ஆட்களின் பின்பக்கம் தட்டையாக வார்த்திருக்கும். அப்படியே பெட்டியின் மேல் வைத்தால் அடியில் ஒரு முடி அளவுக்கு இடைவெளி தெரியும். அந்த முடி அளவுதான் எல்லாவற்றையும் கெடுக்கிறது. ஹார்டுவேர் கடையில் எம்-சீல் (பிசைந்தால் இறுகும் ஒட்டு மாவு) வாங்கி இரண்டு பங்கையும் பிசையுங்கள். உட்காரும் இடத்தில் மெல்லிய பூரி போலப் பரப்பி, ஆளின் பின்பக்கத்தில் லேசாகத் தண்ணீர் தடவி அழுத்தி எடுங்கள். குழி விழும். உட்காரும் இடம் அரிசி மூட்டையோ மண் மூட்டையோ என்றால் குழியைச் சுற்றி இரண்டு மடிப்பையும் ஈர்க்கால் கீறிவிடுங்கள். மதுரை வெயிலில் எம்-சீல் சீக்கிரமே இறுகிவிடும், அதனால் ஒரு ஆளுக்கு வேண்டியதை மட்டும் பிசையுங்கள். தரையில் காலூன்றி இருப்பவருக்கும் இதே வழிதான்: குதிகால் மண்ணில் கொஞ்சம் புதைய வேண்டும். நின்றுகொண்டிருப்பவரை மட்டும் கால் வழியாகக் கம்பி செருகி நிறுத்துங்கள். பேப்பர் கிளிப் கம்பி போதும்.

ஒருவரையாவது நம் ஊர் மாதிரிக் குத்துக்காலிட்டு உட்கார வையுங்கள். ஐரோப்பிய செட்டுகளில் இந்த இருப்பு அரிது. அது ஒன்று வந்துவிட்டால், பார்த்த மாத்திரத்தில் இது நம் ஆள் என்று தெரிந்துவிடும். பெட்டியில் உட்கார்ந்திருப்பவரின் காலை முட்டியில் அறுத்து, உள்பக்கம் கொஞ்சம் தேய்த்து, நன்றாக மடக்கி ஒட்டுங்கள். வெட்டுவாயை எம்-சீலால் மூடித் துணி மடிப்பு கீறினால் போதும். பாதம் முழுக்கத் தரையில் படிய வேண்டும், உடம்பு சற்று முன்னால் சாய வேண்டும். செய்வதற்கு முன் நீங்களே ஒரு தரம் அப்படி உட்கார்ந்து, யாரையாவது பக்கவாட்டில் படம் எடுக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது பார்வை. கடிதம் வாசிப்பவர் தாளைப் பார்ப்பார். கேட்பவர்கள் அவர் முகத்தைப் பார்ப்பார்கள். கடிதம் யாருக்கு வந்ததோ அவர் மட்டும் யார் முகத்தையும் பார்க்காமல் தரையையோ டீயையோ பார்க்கட்டும். தாத்தாவை அந்த இடத்தில் உட்கார வைக்கலாம் என்பது என் எண்ணம். தலையைக் கழுத்தில் ஒட்டும்போது அரை மி.மீ. திருப்பினாலும் பார்வை மாறிவிடும். அதனால் பசைக்குப் பதிலாக முதலில், இறுகாமல் திரும்ப எடுக்க வருகிற மென்மையான புட்டி (ஒட்டு மாவு) ஒரு பொட்டு வைத்துத் தலைகளை நிறுத்தி, ஒரு நாள் அப்படியே விட்டு, போகும்போதும் வரும்போதும் பாருங்கள். அப்புறம் ஒட்டுங்கள். ஐந்து பேரையும் 10 செ.மீ. சதுரத்துக்குள் நெருக்கி வையுங்கள். நிஜத்தில் அது மூன்றரை மீட்டர், ஒரு அறை அளவு. சத்தமாக வாசிக்காத கடிதத்தைக் கேட்க அதற்கு மேல் தள்ளி யாரும் உட்கார மாட்டார்கள்.

முகத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். மூக்கைச் செதுக்கத் தேவையில்லை. ஹெல்மெட்டையும் பெரே என்கிற தட்டைத் துணித் தொப்பியையும் அரத்தால் தேய்த்து எடுத்துவிட்டு எம்-சீலில் முடி வையுங்கள், எண்ணெய் வைத்து வாரியது போல ஊசியால் கோடு இழுங்கள். இரண்டு பேருக்கு மெல்லிய மீசை போதும், அதுவும் வண்ணத்திலேயே. மீதியைத் தோலின் நிறம் பார்த்துக்கொள்ளும்.

தோலில் எல்லோரும் செய்கிற பிழை, வெளிச்சம் படும் இடத்துக்கு வெள்ளையைக் கலப்பது. நம் நிறத்தில் வெள்ளை கலந்தால் சாம்பல் பூசிய மாதிரி ஆகிவிடும். அடிநிறத்துக்கு பர்ன்ட் அம்பரும் (கரும்பழுப்பு) செங்காவியும் சம அளவு, அதோடு துளி மஞ்சள் காவி. நெற்றி, மூக்குத் தண்டு, கன்ன எலும்புக்கு அதிலேயே மஞ்சள் காவியைக் கூட்டுங்கள், இன்னும் வேண்டுமென்றால் ஒரு துளி ஆரஞ்சு. கண்குழி, தாடைக்கு அடி, காது மடலின் பின்புறம் ஆகிய இடங்களுக்கு அம்பரில் கருநீலம். உள்ளங்கையும் நகமும் ஒரு படி வெளுப்பு. ஐந்து பேருக்கும் ஒரே நிறம் அடிக்காதீர்கள், உங்கள் தெருவில் ஐந்து பேர் உட்கார்ந்தால் ஐந்து நிறம் இருக்கும். எல்லாம் காய்ந்த பின் துணிக்கு மேட் வார்னிஷ் அடித்துவிட்டு, மூக்கு நுனியிலும் நெற்றியிலும் மட்டும் அரைப் பளபளப்பு வார்னிஷைத் தொட்டு வையுங்கள். அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வியர்வை அங்கே வந்துவிடும்.

விளாச்சேரியில் கொலு பொம்மை செய்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். மற்றதெல்லாம் முடிந்த பிறகு கடைசியில்தான் கண் திறப்பார்கள். இங்கே நேர்மாறாகச் செய்யுங்கள். தோலின் அடிநிறம் காய்ந்ததும் முதல் வேலை கண். தவறினால் சுற்றியுள்ள தோலின் நிறத்தால் திருத்திக்கொள்ளலாம். இந்த அளவில் ஒரு கண் 1 மி.மீ.கூட வராது. தூய வெள்ளை வைத்தால் முறைக்கிற மாதிரி இருக்கும், அழுக்கு வெள்ளையே சரி. உங்கள் காட்சியில் ஒரு வசதியும் இருக்கிறது: தாளையும் டீயையும் பார்ப்பவர்களுக்கு இமை தாழ்ந்திருக்கும். அவர்களுக்கு ஒரு கரும்பழுப்புக் கோடு போதும். வாசிப்பவரைப் பார்க்கிற மூன்று பேருக்குத்தான் முழுக் கண் வேண்டும்.

வண்ணத்துக்கு ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் ஃபெவிக்ரில், கேமல் அக்ரிலிக் போதும். தண்ணீர் கலந்து பால் பதத்துக்குக் கொண்டுவந்து, ஒரு கனமான பூச்சுக்குப் பதில் மூன்று மெல்லிய பூச்சாக அடியுங்கள். நம் ஊரில் தட்டில் வைத்த வண்ணம் தோய்த்து எடுப்பதற்குள் தோல் கட்டிவிடும். ஒரு டிபன் டப்பா மூடியில் நனைத்த ஸ்பாஞ்சு, அதன் மேல் கேக் வேகவைக்கும் தாள், அதன் மேல் வண்ணம்: மணிக்கணக்கில் ஈரமாக இருக்கும். தூரிகையில் மட்டும் காசு பார்க்காதீர்கள், நுனி கூர்மையாக நிற்கிற ஒன்று வாங்குங்கள்.

வண்ணத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சான பிரைமர் ஸ்ப்ரேயை அதிகாலையில் அடியுங்கள். நான் ஒரு முறை மே மாத மதியம் மொட்டை மாடியில் அடித்தேன். வண்ணம் காற்றிலேயே காய்ந்து பொடியாகப் படிந்து, நான்கு பேரின் முகமும் உப்புத்தாள் போல ஆகிவிட்டது. இரண்டு மாத வேலை அது. வண்டிக்கு அடிக்கும் சாதா ஸ்ப்ரே சிலவற்றுக்கு பிளாஸ்டிக்கை இளக்கும் குணமும் உண்டு. பாகங்களை வெட்டியெடுத்த பிறகு மிஞ்சும் சட்டத்தில் அடித்துச் சோதித்துவிட்டு ஆளின் மேல் அடியுங்கள்.

இப்போது அந்தத் தகர டின். அது நான்கு காலன் டின் என்று வைத்துக்கொண்டால், நம் வீடுகளில் இருந்த பழைய மண்ணெண்ணெய் டின்தான், சுமார் 18 லிட்டர். 1/35-இல் அடிப்பக்கம் ஆறரை மி.மீ. சதுரம், உயரம் 10 மி.மீ. தீர்ந்துபோன களிம்பு ட்யூப் ஒன்றை வெட்டி விரித்தால் மெல்லிய அலுமினியத் தகடு கிடைக்கும். அதை மடித்து டின் செய்து, மேல்பக்கத்தைத் திறந்து, கைப்பிடிக்குக் கம்பி கோத்து, மூன்று கல்லின் மேல் வையுங்கள். அடிப்பாகத்துக்கும் தீ நாக்கு படும் பக்கத்துக்கும் அடுப்புக்கரியைப் பொடித்துத் தேயுங்கள். கறுப்பு பெயின்ட்டால் அந்தக் கரி வராது. டம்ளருக்குக் காலியான பால்பாயிண்ட் ரீஃபிலில் 3 மி.மீ. நறுக்குங்கள், விட்டமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் இருக்கும். உள்ளே பழுப்பு வண்ணமும் ஒரு சொட்டு பளபள வார்னிஷும் ஊற்றினால் டீ. பஞ்சில் புகை மட்டும் செய்ய வேண்டாம், மொத்தத்தையும் கெடுத்துவிடும். கடிதத்துக்கு, மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் மெல்லிய தாளின் வெள்ளை ஓரத்தில் 6-க்கு 4 மி.மீ. வெட்டி, இரண்டாக மடித்துப் பிரியுங்கள். மடிப்புக் கோடு தெரிவது முக்கியம், அது தூரத்திலிருந்து வந்த தாள்.

தரைக்கு அழகர்கோவில் சாலைப் பக்கத்துச் செம்மண்ணை டீ வடிகட்டியில் சலித்து, பூச்சி பூஞ்சை வராமல் வாணலியில் வறுத்து, ஃபெவிகால் தண்ணீரில் ஒட்டுங்கள். வைகை மணல் வேண்டாம். 1 மி.மீ. மணல் இந்த அளவில் மூன்றரை செ.மீ. கூழாங்கல்லாகிவிடும். காய்ந்த டீத்தூள் சருகாகும். மூங்கிலுக்குத் தென்னை விளக்குமாற்று ஈர்க்கின் தடித்த பகுதி, கணுவுக்குப் பசை தொட்டு ஒரு சுற்று நூல். சாப்பர்ஸ் பாலமும் பாதையும் போட்டவர்கள். அதனால் துப்பாக்கிகளை ஓரமாகச் சாத்திவிட்டு மண்வெட்டி, கடப்பாரை, கயிற்றுச் சுருளை முன்னால் வையுங்கள். படைப்பிரிவின் அடையாளச் சின்னம் உறுதியாகத் தெரியாவிட்டால் தோளை வெறுமையாக விடுங்கள்.

மூடி வைக்க, மீன்தொட்டி செய்கிற கடையில் அளவு சொன்னால் கண்ணாடிப் பெட்டி ஒட்டிக் கொடுப்பார்கள். மேற்கு வெயில் படும் ஜன்னலை மட்டும் தவிர்த்துவிடுங்கள், பிளாஸ்டிக் வளைந்துவிடும்.

தாத்தாவின் கையை ஒட்டுவதற்கு முன்னால் ஒன்று விசாரியுங்கள்: அவர் டம்ளரை எந்தக் கையில் பிடிப்பார், விளிம்பைப் பிடிப்பாரா, துண்டைச் சுற்றிப் பிடிப்பாரா என்று. அப்பாவுக்குத் தெரியாமல் செய்வதென்றால் அத்தை யாராவது இருந்தால் அவரிடம் கேளுங்கள்.