பழைய கடல் எண்ணெய் வயலை மூடாமல் இன்னும் ஓட்ட முடியுமா?

முடியும். பல ஆண்டுகள் எண்ணெய் எடுத்து, விளைச்சல் இறங்கிப்போன வயலைத்தான் முதிர்ந்த வயல் என்கிறார்கள். உள்ளே அழுத்தம் குறைந்ததும் எண்ணெயை மேலே தள்ள விசை போதாது. பெரும்பாலும் பாதிக்கு மேல் பாறையின் நுண்துளைகளிலேயே ஒட்டிக்கொண்டு கிடக்கும். மலேசியாவின் திரெங்கானு கடலில் 1978 முதல் எண்ணெய் தந்த தாப்பிஸ் வயலில், 2014 முதல் தண்ணீரையும் வாயுவையும் மாறி மாறி உள்ளே செலுத்தத் தொடங்கினார்கள். தண்ணீர் எண்ணெயைத் தள்ளும். வாயு, தண்ணீர் எட்டாத மேல் இடுக்குகளில் நுழையும்.

சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டங்களில், கிழட்டுப் பால்மரத்தின் கீழ்ப்பட்டை தீர்ந்ததும் மேல்பட்டையைச் சீவி, மருந்து தடவிப் பால் எடுப்பார்களே, ஏறக்குறைய அப்படித்தான். செலவு மட்டும் கொஞ்சநஞ்சமல்ல.

அப்புறம், எண்ணெய் கடலுக்கடியில் ஏரிபோல் தேங்கி நிற்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அது பாறைக்குள் ஊறிக் கிடக்கிறது. அதனால்தான் ‘வற்றிய’ வயலிலும் மிச்சம் இருக்கிறது.